ஏழாம் நம்பர் ஒட்டு

பாக்கியநாதனுக்கு வாய் நீளம் கிடையாது, கைவேலை சுத்தம். சோழவரத்து ரேஸ் மைதானத்தில் உடைந்த சைலன்சர்களை ஒட்டவைத்து வெல்டிங் பழகியவன், 1968-ல் ஆவடி ரோட்டோரம் ஒரு கான்ட்ராக்டர் ஷெட்டில் சேர்ந்தான். பட்டாளத்து லாரிகளுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு பொருத்துவது அங்கே வேலை. சக்கரம் கண்ணிவெடியில் ஏறினால், வெடிப்புக்கும் டிரைவரின் உயிருக்கும் நடுவே இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான்.

ஒவ்வொரு வெல்டரும் தான் போட்ட ஒட்டுக்குப் பக்கத்தில் தன் நம்பரை அடித்துப் பதிக்கவேண்டும். இவன் நம்பர் ஏழு. தடித்த தகட்டில் ஒட்டு அன்றைக்கு அழகாகத்தான் தெரியும். விரிசல் மறுநாள்தான் உள்ளுக்குள் ஓடும். அதனால் காலையில் வந்ததும் முந்தின நாள் வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பான். கணீரென்றால் சரி. சத்தம் செத்திருந்தால் வெட்டியெடுத்துவிட்டு மறுபடி போடுவான். டாக்டர் வந்துட்டாரு என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். அதில் அவனுக்கு உள்ளூரக் கர்வம். கெடுத்ததே அந்தக் கர்வம்தான். பட்டாளத்தில் டிரைவராக இருந்த மச்சினன் தானியேலிடம், "ஏழு போட்ட வண்டியா பாத்து வாங்கிக்கோ, கண்ண மூடிக்கினு ஓட்டலாம்" என்று சொல்லிவைத்திருந்தான்.

1971 அக்டோபர். சண்டை வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஷெட்டில் கரண்ட் இல்லை. டீசல் ஜெனரேட்டரில் வெல்டிங் மட்டும் ஓடியது. வெல்டிங் ராடுகளைக் காயவைக்கும் கரண்ட் அடுப்பு ஆறிக் கிடந்தது. ஈர ராடில் போட்ட ஒட்டு விரிசல் விடும் என்பது அவனுக்குத் தெரியாததா? மேஸ்திரி பூவராகவன் அவசரப்படுத்தினார், போட்டான். நம்பரையும் பதித்தான். காலையில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். பட்டாளத்துக்காரர்கள் சாயங்காலமே வந்து வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் சுத்தியலோடு வந்தவன் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான்.

"பாஸாயி போன வண்டிய பத்தி இப்ப இன்னாத்துக்கு பேசற? வாய மூடிக்கினு வேலைய பாரு."

வேலை போய்விடுமே என்ற பயத்தில் மூடிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து தானியேலின் கடிதம் வந்தது. மேற்கு எல்லையில் இருக்கிறானாம். வந்து இறங்கிய லாரிகளில் ஏழு போட்டது ஒன்றே ஒன்றுதானாம், மல்லுக்கட்டி வாங்கிவிட்டானாம். வண்டி நம்பரையும் பெருமையாக எழுதியிருந்தான். அதே வண்டி. மனைவி கிரேஸ் தன் தம்பியின் கடிதத்தை உரக்கப் படித்துச் சிரித்தாள். இவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

அன்றைக்கே பதில் போட்டான். அந்த வண்டி வேணாம், எப்படியாவது மாத்திக்கோ. அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. பட்டாளத்துக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள், விஷயம் ஷெட்டுக்கு வந்துவிடும் என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டான். மழை நின்றது, சண்டை வந்தது. தபால்காரரின் சைக்கிள் தெருவில் திரும்பினாலே எழுந்து வாசலுக்குப் போய் நின்றான்.

டிசம்பர் கடைசியில் பதில் வந்தது.

"மாமா, நீங்க சொன்னதால காய்ச்சல்னு பொய் சொல்லி வண்டிய மாத்திக்கினேன். புதுசா வந்த சுப்பராயன் அத எடுத்துக்கினான். நம்ம எளாவூர்காரன். ஒட்டுல கொறன்னு எனக்கு தோணவேயில்ல, எங்க மாமா போட்ட ஒட்டு, பயப்படாதன்னு நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன். கண்ணிவெடியில தகடு ஒட்டோட பிரிஞ்சி போச்சி. ஆளு பொழைக்கல. உங்களுக்கு எப்படி மாமா முன்னாடியே தெரிஞ்சது?"

கிரேஸ் முழங்கால் போட்டு அழுதாள். கர்த்தர்தான் தன் புருஷனுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தார் என்று தெரு முழுக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்லச் சொல்லி அவனை எழுப்பி நிறுத்தினார்கள். நூறு முகங்கள் சந்தோஷமாக அவனையே பார்த்தன.

"எளாவூர்ல சுப்பராயன் ஊடு யாருக்கானா தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.