ஆனி மாதத்துச் சுவாதி

அம்சவேணி வீட்டைவிட்டுப் போனது 1962 ஜூலை பதினொன்று, புதன்கிழமை. ஆனி மாதத்துச் சுவாதி நட்சத்திரம். கல்லூரி தொடங்கிய நாளின் ஆண்டு விழா என்று காலையிலிருந்தே மேளச்சத்தம்.

அவள் அப்பா காசிநாதன் கல்லூரிக் கேட்டில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் தமிழும் சமஸ்கிருதமும் சொல்லிக்கொடுக்கும் சின்னக் கல்லூரி அது. எந்த வருஷமும் பிள்ளைகள் அறுபதைத் தாண்டியதில்லை. காசிநாதன் அதன் முதல் அட்டெண்டர். பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து வந்தவர். 1949இல் பெரியவர் சக்ரவர்த்தி ஆச்சாரியார், பெரியாழ்வார் பிறந்த ஆனி சுவாதியில் கல்லூரியைத் திறந்தபோது முதல் மணியை அடித்தவர் அவர்தான். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடித்தனம். பகலில் மணி, ராத்திரியில் பூட்டு.

அம்சவேணி ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். தெருமுனையில், மின்சார வாரியத்தில் கம்பம் ஏறும் முருகேசன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு சாதிப் பையன். மூன்று மாதமாக வீட்டில் இதே சண்டைதான்.

"போறேன் நைனா."

காசிநாதன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. "போ. இந்தக் கேட்டத் தாண்டினா தாண்டினதுதான். திரும்பி வந்தா பூட்டுதான் இருக்கும், பாத்துக்க."

"வெள்ளி விழாவுக்கு வருவேன். அன்னிக்கி எப்படிப் பூட்டுவ? ஊரே உள்ள குந்திக்கினு இருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. உள்ளேயிருந்து கங்கையம்மாள் ஓடி வருவதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு கங்கையம்மாள் புருஷனோடு அளந்துதான் பேசினாள். ஒவ்வொரு நாளும் அவர் பூட்டைத் தொடும்போது மட்டும், "நல்லா இழுத்துப் பாரு. யாரனா வந்துடப் போறாங்க" என்பாள். பன்னிரண்டு வருஷம் தவறாமல் சொன்னாள். காசிநாதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுவார். முதல் வருஷம் அவருக்குக் கோபம் இருந்தது. பிறகு, வருஷங்களை எண்ணுவது மட்டும்தான் இருந்தது.

பெரியவர் அறுபத்து நாலில் காலமானார். அடுத்து வந்த பிரின்சிபால் பராங்குசம், மெட்ராஸில் படித்தவர். வருஷத்துக்கு ஒரு தேதி என்று மாறிக்கொண்டிருக்கும் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு விழாவுக்கு யாரையும் கூப்பிட முடியவில்லை என்று, பெரியவர் கல்லூரியைத் திறந்த இங்கிலீஷ் தேதியைப் பிடித்தார். அதன்படி வருஷா வருஷம் ஜூலை ஐந்து. கல்லூரிக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் அச்சடித்தார்கள்.

எழுபத்து நாலு பிறந்ததும் வெள்ளி விழாப் பேச்சு ஆரம்பித்தது. பராங்குசம் காசிநாதனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"காசி, இருபத்தஞ்சு வருஷம் மணியடிச்சிருக்கே. மேடையில உனக்குப் பட்டு வேஷ்டி போத்தப் போறோம். வேற என்ன வேணும், கேளு."

"வேட்டி வேணாஞ்சாமி. விழாவ ஆனி சுவாதியில வையுங்க."

"என்னப்பா இது! பத்து வருஷமா அஞ்சாந்தேதின்னா பண்ணிண்டிருக்கோம்?"

"பெரியவரு வச்ச நாளு அதான் சாமி. அப்பல்லாம் இருந்தவங்களுக்கு அந்த நாளுதான் தெரியும்."

அந்த 'இருந்தவங்க' யார் என்று பராங்குசம் கேட்கவில்லை, காசிநாதனும் சொல்லவில்லை. மகள் போன காலத்தில் விழா சுவாதியில்தான் நடந்தது. எந்த ஊரில் இருந்தாலும் பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த நாளைத்தானே கண்டுபிடிப்பாள்? அவள் வந்து, விழா இல்லாத கல்லூரியைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். பழைய மாணவர்களும் சுவாதிதான் சரி என்றார்கள். பராங்குசம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த வருஷம் சுவாதி ஜூன் இருபத்தொன்பது, சனிக்கிழமை வந்தது. காலண்டரோ ஜனவரியிலேயே அச்சாகி, போக வேண்டிய வீடுகளுக்குப் போயிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் காசிநாதன் கேட்டுப் பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். சத்தம் கேட்டு கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அவளுக்கு அதிரசம்னா உசுரு" என்று சொல்லிவிட்டு மாவு சலிக்க உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து காசிநாதன் கேட்டில் நின்றார். பந்தல் நிரம்பியது. நாதஸ்வரம், வரவேற்பு, வாழ்த்து மடல். ஒலிபெருக்கியில் பராங்குசம், "நம்ம காசிநாதன் மேடைக்கு வரணும்" என்று மூன்று தடவை கூப்பிட்டார். காசிநாதன் தெருவைப் பார்த்தபடியே நின்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு குதிரை வண்டியும் கேட்டைத் தாண்டிப் போனது. கடைசியில் யாரோ வந்து வேட்டியை அவர் தோளில் போட்டுவிட்டுப் போனார்கள். அது நழுவிக் கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. விளக்கு வைத்தார்கள். நாற்காலிகளை மடக்கினார்கள். வந்தவர்களெல்லாம் போனார்கள்.

"வரமாட்டா. நீ சொன்ன சொல்லு அப்படி" என்றாள் கங்கையம்மாள். அதிரசத் தூக்கை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

விழா அலுப்புக்குக் கல்லூரிக்கு ஒரு வாரம் விடுமுறை. வாடகைச் சாமான்கள் உள்ளே கிடந்ததால் பராங்குசம் புதுப் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். வியாழக்கிழமை வண்டிக்காரன் சாமான்களை ஏற்றிப் போனான். காசிநாதனுக்கு அந்தக் கேட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் புதுப் பூட்டைப் போட்டு, வழக்கம்போல ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவியோடு தாமலுக்குத் தம்பி வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் ஏரிக்கரையில் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். திங்கட்கிழமை மணியடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜூலை ஐந்தாந்தேதி. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

எழுபத்தேழில் கங்கையம்மாள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரம் அவள் பூட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்றிருந்தது காசிநாதனுக்கு.

எழுபத்தொன்பது மார்ச்சில், அவர் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, தபால்காரர் ஒரு இன்லேண்ட் கடிதம் கொடுத்தார். அனுப்பியவர் முகவரி இருக்க வேண்டிய இடம் காலி. மேட்டூர் அணை முத்திரை. மணிக்கு அடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அன்றைக்குப் பத்தரை மணியை யாரும் அடிக்கவில்லை.

"நைனாவுக்கு அம்சவேணி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். பெரியவன் பத்தாவது படிக்கிறான். இவருக்கு மாற்றல் வந்திருக்கிறது, அடுத்த வாரம் இந்த ஊரை விடுகிறோம். பழைய கடிதங்களைக் கிழித்துப் போடும்போது கல்லூரிக் காலண்டர் ஒன்று கிடைத்தது. கிளார்க் மகள் வைதேஹி எனக்கு வருஷா வருஷம் அனுப்புவாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். வெள்ளி விழா அன்று, காலண்டரில் சிவப்பில் போட்டிருந்த ஜூலை ஐந்தாந்தேதி, பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளே பந்தல் கால் நட்ட குழிகள் தெரிந்தன. நான் வருவேன் என்றுதான் விழாவை முன்னாலேயே முடித்துவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். சின்னவன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தான். மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட்டோம். இத்தனை நாள் கோபத்தில் எழுதவில்லை. இப்போது கோபமும் இல்லை. அம்மாவுக்குக் குளிர் ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள்."