சுக்கான் இருக்கும் இடம்

விருதுநகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் செல்வநாயகத்தை எல்லோரும் 'கப்பல் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கப்பலில் இருந்தது பதினைந்து வருஷம். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் பாய்மரப் படகில். இரண்டும் வேறு வேறு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். சாயங்காலக் காற்றில் வருவது குடோன்களில் கிடக்கும் மிளகாய் வத்தலின் நெடிதான்.

1981இல் இதே ஸ்டேஷனில் இருந்துதான் அவர் கடற்படைக்கு ரயில் ஏறினார். வாத்தியார் மகன், பதினெட்டு வயது. அதே பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவன் அச்சங்குளத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரியின் மகன் ராக்கப்பன். அதுவரை இருவரும் கண்மாயைத் தாண்டிப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. கொச்சியில் பாய் கட்டவும் காற்றைப் படிக்கவும் ஒன்றாகவே கற்றார்கள். பென்ஷனோடு ஒன்றாகவே வெளியே வந்தார்கள்.

அப்போது கொச்சியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் படகுகளை மழைக்காலத்துக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள். படகை மலேசியாவுக்கோ மாலத்தீவுக்கோ கொண்டு போய்ச் சேர்க்க ஆள் வேண்டியிருக்கும். அந்த வேலையில் இருவரும் ஆறு வருஷம் சேர்ந்து ஓடினார்கள். செல்வநாயகம் இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த ஆறு வருஷம்தான் முதலில் வரும். விடிகாலையில் பாயடியில் விழுந்து கிடக்கும் பறக்கும் மீன்கள். ராக்கப்பன் டின்னில் அடைத்துக்கொண்டு வரும் சாத்தூர்ச் சேவு. அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய சிவகாசிக் காலண்டர். கரை தெரியாத நாட்களில் தேதி கிழிப்பதற்காகவே இருவரும் சண்டை போட்டார்கள். ஒருவர் படகைத் திருப்பும் சுக்கானில் இருந்தால் மற்றவர் கீழே அடுப்பில் இருப்பார். இடையில் உள்ளே இறங்கும் வாசல் ஒன்றுதான். அதன் வழியாகப் பேச்சு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

2002 பிப்ரவரியில் அது முடிந்துபோனது. இலங்கைக்குத் தெற்கே, மாலை நான்கு மணி. காற்றும் கடலும் முதுகுப் பக்கமிருந்து வந்தன. படகின் கடைக்கோடியில், சுக்கான் பிடிப்பவர் உட்காரும் குழியில் ராக்கப்பன் இருந்தார். காக்பிட் என்பார்கள் அந்த இடத்தை. செல்வநாயகம் டீயோடு ஏறி வரும்போது படகு திமிறி ஒரு பக்கமாகத் திரும்பியது. பின்னாலிருந்து வந்த அலை குழியை முழுக்க நிரப்பிவிட்டு, ராக்கப்பனைப் படகோர வேலிக் கம்பிக்கு வெளியே தூக்கிப் போட்டது. படகோடு பிணைத்த இடுப்பு வார் இருந்ததால் தொங்கினார். செல்வநாயகம் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். வலது தோள் நொறுங்கியிருந்தது.

ராக்கப்பன் அதோடு கடலுக்கு முழுக்குப் போட்டார். ஊருக்கு வந்து ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் ஆனார். செல்வநாயகம் வேறு ஆட்களோடு இன்னும் பதினோரு வருஷம் ஓடினார். வேலை நடந்தது, பேச்சுத் துணைதான் இல்லை.

போன வருஷம் ராக்கப்பன் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற மறுநாளே விருதுநகர் வந்து நின்றார். செல்வநாயகத்தின் மனைவி ஞானபூரணி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

"தங்கச்சி, நீங்களும் இருங்க. மாப்ளேட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் ராக்கப்பன். "எலே, ஒரு தடவ போவமா? நம்ம படகுல. அடுத்தவன் படகுல இல்ல."

செல்வநாயகம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, கொச்சிக்குப் போன் போட்டார்.

கொச்சியில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் அய்யப்பன் பழைய பழக்கம். அவரிடம் விற்பனைக்கு இரண்டு பழைய படகுகள் இருந்தன. ஒன்று நாற்பத்தொரு அடி. அதில் காக்பிட் படகின் நடுவில், உயரத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் கட்டில் போட்ட பெரிய அறை. மற்றது முப்பத்தாறு அடி. அதில் காக்பிட் பழைய மாதிரியே பின்கோடியில், தண்ணீருக்குப் பக்கத்தில்.

அய்யப்பன் அனுப்பிய படங்களைப் பார்த்ததுமே செல்வநாயகம் முடிவு கட்டிவிட்டார். "நடுவுல இருக்கதுதான். நீண்ட ஓட்டத்துக்கு அதான் பாதுகாப்பு. பின்னால இருந்து அலை வந்தாலும் எட்டாது. நனையாம உக்காந்திருக்கலாம். கீழ இன்ஜின் ரூமுல குனியாம நின்னுக்கிட்டே வேல பாக்கலாம்."

"பின்னால இருந்தாத்தான் பாய் முழுக்கக் கண்ணு முன்னால தெரியும்" என்றார் ராக்கப்பன். "தண்ணி பக்கத்துல இருக்கும். படகு என்ன சொல்லுதுன்னு குண்டியில தெரியும்லே."

"அடிபட்டது நீ. நீயே அதைக் கேக்க."

"நாந்தான கேக்கேன்."

ஒரு மாதம் இந்தப் பேச்சுத்தான். போனில் கோபித்துக்கொண்டு வைப்பதும், மறுநாள் காலையில் ராக்கப்பனே பஸ் ஏறி வருவதுமாக இருந்தது. கடைசியில் ஞானபூரணிதான், "ரெண்டு பேரும் படத்தைப் பாத்தே சண்ட போடுதீக. நேர்ல போய்ப் பாப்போம், நானும் வாரேன்" என்று டிக்கெட் போடச் சொன்னார்.

டிசம்பர் மாதம் மூவரும் கொச்சிக்குப் போனார்கள். முதலில் பெரிய படகு. சின்ன ரப்பர் படகில் இருந்து அதன் பக்கச் சுவரில் ஏற வேண்டும். ராக்கப்பனின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. ஏணியின் மேல்படியைப் பிடிக்க முடியாமல் அவர் திண்டாட, அய்யப்பன் கீழிருந்து தாங்கி ஏற்றிவிட்டார். 

துறைமுகத்தை விட்டு வெளியே போனதும் செல்வநாயகத்துக்கு மனசு குளிர்ந்தது. ஒரு பொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை. ஆனால் உயரத்தில் இருந்ததால் படகு லேசாகச் சாய்ந்தாலும் மேலே உட்கார்ந்தவர்களுக்கு ஆட்டம் பெரிதாக இருந்தது. ஞானபூரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பொருட்காட்சி ராட்டினம் மாதிரில்லா இருக்கு" என்றார். ராக்கப்பன் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி கீழே தெரிந்த தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்தார்.

மத்தியானம் சின்னப் படகு. அதன் பின்புறத்தில் தாழ்வாகப் படி இருந்தது. ராக்கப்பன் இடது கையை ஊன்றித் தானாகவே ஏறி, நேராகக் காக்பிட்டில் போய் உட்கார்ந்தார். இதில் சக்கரம் கிடையாது, கைப்பிடிக் கட்டைதான். காற்று ஏறி, பாய் நிறைந்து, படகு லேசாகப் படுத்தது. அவர் கட்டையை இடது முழங்கையால் அணைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பட்டாசுக் கட்டடங்களின் நடுவே ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து நடந்த மனிதர், காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

செல்வநாயகத்தின் கால்கள் அவரைக் கேட்காமலே கீழே இறங்கின. அடுப்பு எங்கே, தம்ளர் எங்கே என்று அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. டீ போட்டு மேலே நீட்டினார்.

"ராக்கு, காக்பிட்டுல ஒரு தப்பும் இல்லலே" என்றார். "அன்னைக்குக் காத்து ஏறும்போதே பெரிய பாயைச் சுருக்கியிருக்கணும். நீ மத்தியானமே சொன்ன. நாந்தான் இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும், சீக்கிரம் சேந்திரலாம்னு விட்டுட்டேன். அதனாலதான் படகு திமிறுச்சு."

ஞானபூரணி கணவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இது அவர் காதில் விழுந்ததில்லை.

ராக்கப்பன் டீயை வாங்கிக் குடித்தார். "எனக்குத் தெரியாதா? சொன்னவனே நாந்தானடா."

"பெறகு ஏம்லே ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ கடலுக்குப் போறதை விட்ருப்ப. நாம ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து என்ன செய்ய?" அவர் பாயை அண்ணாந்து பார்த்தார். "நான் அடிபட்டது இந்த இடத்துலதான். ஆறு வருசம் சந்தோசமா இருந்ததும் இந்த இடத்துலதான். நீ ஒரு அலைய மட்டும் புடிச்சுக்கிட்டு நிக்க, மாப்ளே."

செல்வநாயகம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கரை வந்து சேரும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

இருவரும் ஓய்வுப் பணத்தைப் போட்டுச் சின்னப் படகை வாங்கினார்கள். செல்வநாயகம் சில நிபந்தனைகள் வைத்தார். காக்பிட்டில் தண்ணீர் வடியும் துளைகளை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். உள்ளே இறங்கும் வாசலின் தடுப்பை உயர்த்த வேண்டும். இடுப்பு வார் மாட்ட நான்கு இடத்தில் வளையம் வேண்டும். காற்று கூடினால், இருவரில் யார் பாயைச் சுருக்கச் சொன்னாலும் மற்றவர் மறுபேச்சில்லாமல் சுருக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்கு ராக்கப்பன், "அதை மொதல்ல எழுதுலே" என்றார்.

ஜனவரி கடைசியில் மாலத்தீவின் வடக்குத் தீவு ஒன்றுக்குக் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் காற்று வலுத்தது. ராக்கப்பன் சொன்னார், செல்வநாயகம் சுருக்கினார். இரண்டு தடவை கணுக்கால் வரை தண்ணீர் ஏறியது. செல்வநாயகம் திட்டி முடிப்பதற்குள் வடிந்துவிட்டது. நான்காம் நாள் ராக்கப்பனின் தோள் வீங்கிக் கையை அசைக்க முடியாமல் போனது. பதினோரு மணி நேரம் செல்வநாயகம் ஒருவரே சுக்கானில் இருந்தார். ராக்கப்பன் கீழே ஒற்றைக் கையால் கஞ்சி காய்ச்சி, வாசல் வழியாக நீட்டிக்கொண்டே, கம்பெனியில் நடந்த கதைகளை ஒன்று விடாமல் சொன்னார்.

தீவில், படகில் ஏறிச் சோதிக்க வந்த அதிகாரி எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். செல்வநாயகம் கொச்சி என்று சொல்வதற்குள் ராக்கப்பன், "விருதுநகர் ஜில்லா, சார்" என்றார்.

மார்ச்சில் காற்று அடங்கியதும் திரும்பினார்கள். பாதி தூரம் இன்ஜினில்தான் வந்தார்கள். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கொச்சிக்குப் போய்ப் படகின் அடிப்பாசியைச் சுரண்டிவிட்டு வருகிறார்கள். போன தடவை ஞானபூரணியும் ஆலப்புழை வரை படகில் வந்தார். வழி முழுக்கக் கைப்பிடிக் கட்டை அவர் கையில்தான் இருந்தது. இருவரும் கேட்டும் கொடுக்கவில்லை.