மூன்று ரெங்கசாமிகளும் ஒரு சமையல்காரனும்

காணாமல் போன சிப்பாயைப் பற்றி அவன் வீட்டிலேயே போய் விசாரிக்கிற உத்தியோகத்தில், நாம் கேட்கப் போன கேள்வியை வீட்டார் முந்திக்கொண்டு நம்மிடம் கேட்டுவிடுவார்கள்.

வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஜனத்தொகைக் கணக்கு எடுத்த வாத்தியார்கள், அம்மை குத்தப் போன நர்சுகள், இன்ஷூரன்ஸ் பிடிக்க அலைந்தவர்கள். நாய் துரத்தியிருக்கும், மோர் கிடைத்திருக்கும், பதில் மட்டும் கிடைத்திருக்காது. உங்களிடம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சீனாவோடு சண்டை ஓய்ந்திருந்த சமயம். திருச்சி கன்டோன்மென்டில், பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களைக் கவனிக்கும் ஒரு சின்ன ஆபீசில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. ஆண் குமாஸ்தா போனால் பெண்பிள்ளைகள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறார்கள் என்று என்னைப் போட்டார்கள். எங்கள் அதிகாரி ஒரு ரிட்டயர்டு மேஜர். ஆபீஸ் பியூன் அந்தோணி. நான் ஜானகி. ஆபீஸ் அவ்வளவுதான்.

லெங்காசம்

எதிரிப் படைக்குச் சமையல் செய்துகொண்டிருந்த ஒருவன், பனியில் மலை தாண்டி நம் பக்கம் ஓடி வந்துவிட்டானாம். வடக்கே நம் ராணுவத்தார் அவனை உட்காரவைத்து விசாரித்தார்கள். பிடிபட்ட நம் ஆட்கள் யார் யார் என்று எதிரிகள் அப்போது முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. அதனால் அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் தங்கம். கைதிகள் கொட்டடியில் ‘லெங்காசம்’ என்று ஒருவன் இருந்தான், கறுப்பு, ஒல்லி என்றானாம். ஊர் எது என்று இவன் சைகையில் கேட்டபோது அந்தக் கைதி மண்ணில் ஒரு பெரிய பாறை, அதன் உச்சியில் கோயில், பக்கத்தில் ஆறு என்று கோடு கிழித்துக் காட்டினானாம்.

பாறையும் கோயிலும் ஆறும் என்றால் திருச்சிதான். லெங்காசம் என்றால் ரெங்கசாமியாகத்தான் இருக்க வேண்டும். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். எங்கள் மாவட்டத்தில் காணாமல் போனவர்களைப் பார்த்தால் ரெங்கசாமிகள் மூன்று பேர். ஒருவன் ஸ்ரீரங்கம், ஒருவன் திருவெறும்பூர்ப் பக்கம், இன்னொருவன் முக்கொம்புக்கு அருகே. மூவருமே கறுப்பு, மூவருமே ஒல்லி. யார் என்று உறுதியாகும்வரை யாருக்கும் நம்பிக்கை கொடுக்கக்கூடாது, ஆனால் விசாரித்து அடையாளம் மட்டும் வாங்கி வரவேண்டும் என்று மேஜர் உத்தரவு போட்டார். அது எப்படி முடியும் என்று நான் புலம்பினேன். அந்தோணி டீ கிளாசை வைத்துவிட்டுச் சொன்னான்: “இந்த ஊர்ல ரெங்கசாமியத் தேடுறதும் திருவெறும்பூர்ல எறும்பத் தேடுறதும் ஒண்ணுதாங்க.”

அம்மை குத்துறவ

திருவெறும்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பு வழியாக நடந்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். கைப்பையும் குடையுமாக என்னைப் பார்த்ததுமே தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறைந்தன. அம்மை குத்த வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அம்மை குத்துகிறவள் அப்படித்தான் சொல்லுவாள் என்று ஒரு கிழவர் மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்தார்.

அந்த ரெங்கசாமி பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். மனைவி செல்லாயிக்கு இருபது வயது இருந்தால் அதிகம். பக்கத்தில் மாமியார். ஆள் உயரமா என்று கேட்டேன். உயரம் என்றாள் மாமியார், அவ்வளவு உயரமில்லை என்றாள் மருமகள். பிறகு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், எந்தப் பதில் எனக்குப் பிடித்தது என்று. மீசை உண்டா என்றேன். உண்டு என்றார்கள். நான் பேனாவை எடுக்கத் தாமதித்தேன். சில சமயம் எடுத்துவிடுவார் என்றார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. தாயி, எனக்காகச் சொல்லாதே, உள்ளதைச் சொல் என்றேன். செல்லாயி கொஞ்சம்கூடக் கோபப்படாமல் சொன்னாள்: “உங்களுக்கு எது வேணும்னு நீங்க சொல்லுங்கக்கா, அது அவருக்கு இருக்கும்.”

சூப்பு

ஸ்ரீரங்கத்து ரெங்கசாமியின் வீடு உத்தர வீதியில். தகப்பனார் கோயில் கைங்கர்யக்காரர். பிள்ளை பட்டாளத்தில் வயர்லெஸ் பார்க்கிறவன். அங்கே எனக்கு உட்காரப் பலகை கிடைத்தது, தீர்த்தம் கிடைத்தது, பிள்ளையின் நட்சத்திரம், கோத்திரம், எந்த வயதில் பூணூல் போட்டது என்பதெல்லாம் கிடைத்தது. அடையாளம் மட்டும் கிடைக்கவில்லை. ரங்கநாதன் திருவுள்ளம் எப்படியோ அப்படி என்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்தது. ரங்கநாதன் திருவுள்ளத்தை நான் விசாரணைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அந்தச் சமையல்காரன் சொன்ன விஷயங்களில் ஒன்று, லெங்காசம் கறி சூப்பை வாங்கிக் குடித்தான் என்பது. வேறு வழியில்லாமல், இவர் பிள்ளை மாமிசம் தொடுவானா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். பெரியவர் முகம் சிவந்தது. அப்படி ஒருவன் சாப்பிட்டான் என்றால் அவன் தம் பிள்ளை இல்லை, வேறு இடத்தில் போய்த் தேடலாம் என்று சொல்லி, எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வீதியில் பாதி தூரம் வந்துவிட்டேன். பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தார் அந்தப் பையனின் அம்மா. மடிசாரைச் சரிபண்ணிக்கொண்டு, யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். “அவர் சொன்னதை எழுதாதேங்கோம்மா. எதையோ சாப்பிட்டிருக்கானே, எங்காத்துப் பிள்ளைன்னே எழுதிக்கோங்கோ.”

இல்லாத மகன்

மூன்றாவது வீடு முக்கொம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாழைத் தோப்புக்கு நடுவில். பெரியண்ணன் என்கிற விவசாயி. பெண்டாட்டி இல்லை. நான் போனபோது வாழைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். ரெங்கசாமி உங்கள் மகன்தானே என்றேன். தமக்கு அப்படி மகன் கிடையாது என்றார். ஊர் பேரைச் சொன்னேன், அவர் பேரைச் சொன்னேன், மகன் சேர்ந்த வருஷத்தைச் சொன்னேன். எல்லாம் சரி, ஆனால் மகன் இல்லை என்றார். பார்த்த பெண்ணைக் கட்டமாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டுப் பட்டாளத்துக்கு ஓடிப்போனவனாம். அன்றைக்கே தலைமுழுகிவிட்டதாகச் சொன்னார்.

வெயிலில் கால் மணி நேரம் வரப்பில் நின்று கெஞ்சினேன். மனுஷர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. ஆமாம் ஆமாம் என்கிறவர்களிடம் பட்ட பாடு போதாதென்று இப்படி ஒருவர். கடைசியில், மகன் இல்லை என்றால் இல்லை என்றே எழுதிக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று கோபமாகவே சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்துப் பேசினார். “அப்படி ஒருத்தன் இல்ல. இருந்தாலும் தூங்கறப்ப அவன் நறநறன்னு பல்லக் கடிப்பான், அதையும் எழுதிக்குங்க.”

இரண்டு பக்கமும் ஆமாம்

உறையூரைச் சேர்ந்த ஒரு கேப்டன் லீவில் வந்திருந்தார். அந்தச் சமையல்காரனை விசாரித்தவர்களில் அவரும் ஒருவர். மேஜரைப் பார்க்க ஆபீசுக்கு வந்தபோது, இதோ உண்மை நேரே வந்துவிட்டது என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். லெங்காசத்துக்கு மீசை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றானாம். இல்லையோ என்று இவர்கள் திருப்பிக் கேட்டதும் இல்லை என்றானாம். பூணூல் போட்டிருந்தானா என்றால் ஆமாம். கையில் பச்சை குத்தியிருந்தானா என்றால் அதற்கும் ஆமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதிகாரி என்றுகூடப் பார்க்கவில்லை. மூன்று வீடுகளின் உயிர் இதில் இருக்கிறது, இப்படியா கேள்வி கேட்பார்கள் என்று கேட்டுவிட்டேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல இடம் கொடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அந்த ஆள் எப்படித் தூங்குவான் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். மற்ற இரண்டு வீட்டிலும், காரணம் சொல்லாமல், அதை விசாரித்து வைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்துப் பையன் குறட்டை விடுவான். செல்லாயியின் புருஷன் சத்தமே இல்லாமல் தூங்குவானாம், மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்ப்பாளாம். கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, வாசலில் நின்று சொன்னார்: “பட்டினியில வந்தவன் முன்னால ரொட்டியை வச்சுக் கேட்டா, அவன் நம்ம கேள்விக்கா பதில் சொல்வான்? ரொட்டிக்குத்தான் பதில் சொல்வான்.”

உக்காந்துகிட்டு இருக்கீங்களே

பதில் வருவதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. ரெங்கசாமி உயிரோடு இருக்கிறான் என்று யாரோ திருவெறும்பூரில் சொல்லிவிட்டார்கள். செல்லாயி சமயபுரத்துக்கு நடந்தே போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாள். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததெல்லாம் வீண்.

வடக்கிலிருந்து வந்த பதிலில் குழப்பமே இல்லை. தூங்கும் விதத்தைக் கேட்டதுமே அந்தச் சமையல்காரன் சிரித்துவிட்டானாம். லெங்காசம் பல்லைக் கடிக்கிற சத்தத்தில் யாரும் பக்கத்தில் படுக்க முடியாமல், அவனைக் கொட்டடியின் கதவோரம் தள்ளிவிட்டார்களாம். சமையல் கொட்டகை அந்தக் கதவுக்கு எதிரில். அதனால்தான் அவனை மட்டும் நன்றாகத் தெரியுமாம்.

முதலில் செல்லாயியிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று மேஜர் சொன்னார். போனேன். இந்தத் தடவை பிள்ளைகள் ஓடவில்லை. என்னைச் சுற்றி நின்றார்கள், நல்ல சேதி கொண்டு வந்தவள் என்று. அந்த ஆள் உன் புருஷன் இல்லை தாயி என்று சொன்னேன். மாமியார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்லாயி அழவில்லை. நானும் குடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது, அப்படியானால் அது யார் என்று கேட்டாள். முக்கொம்புப் பக்கம் ஒருத்தர் மகன், அவருக்கு இன்னும் தெரியாது என்றேன். என் குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். “அந்தப் பெரியவருக்கு இன்னும் சொல்லாம இங்க என்னக்கா உக்காந்துகிட்டு இருக்கீங்க? கிளம்புங்க.”

கதவோரம்

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் முக்கொம்புக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிறைய புளியோதரைத் தூக்கோடு அணைக்கட்டு பார்க்கக் கிளம்பிய குடும்பங்கள். நிற்கத்தான் இடம் கிடைத்தது. யாரோ ஒரு குழந்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. மனதுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். ‘உங்களுக்கு இல்லாத மகன் உயிரோடு இருக்கிறான்’ என்று குத்தலாக ஆரம்பிக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். பல் கடிக்கிற சத்தம், மற்றவர்கள் தள்ளிப் படுத்தது, கதவோரம், எல்லாம்.

பெரியண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகன் உயிரோடு இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாமியைக் கும்பிடவில்லை, எனக்கு நன்றி சொல்லவில்லை. இந்த மனுஷரோடு மாரடிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. மண்வெட்டியைக் கரையில் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கதவோரமாவா போட்டிருக்கானுங்க? அங்க குளிருமேம்மா.”

திரும்பி வந்தவர்கள்

வெயில் காலம் வந்தபோது கைதிகளை விடுவித்தார்கள். ஸ்ரீரங்கத்துப் பையன் வேறொரு கொட்டடியில் இருந்திருக்கிறான். அவனும் வந்துவிட்டான். நான் பார்க்கப் போனபோது வீடு கொள்ளாத கூட்டம். சொந்தக்காரர் ஒருவர், அங்கே என்னதான் போட்டார்கள் என்று ஆரம்பித்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். தகப்பனார் கையில் வைத்திருந்த விசிறியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். “என்ன சாப்பிட்டேன்னு இந்த ஆத்துல யாரும் அவனைக் கேக்கப்படாது.”

செல்லாயியின் புருஷன் வரவில்லை. சண்டையின் முதல் நாட்களிலேயே போய்விட்டான் என்று, அவனோடு லாரியில் இருந்து பிழைத்தவர்கள் வந்து சொன்ன பிறகு உறுதியானது. பின்னால் திருவெறும்பூரில் ஒரு பெரிய தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் பார்த்தால் எனக்கு இடம் பிடித்து வைப்பாள்.

முக்கொம்பு ரெங்கசாமியை அவன் தகப்பனாரே ஆபீசுக்கு அழைத்து வந்தார். ஒரு வாழைத்தாரை வாசலில் வைத்துவிட்டு அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். பையன் எலும்பும் தோலுமாக இருந்தான், ஆனாலும் சிரித்தான். உன்னைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தச் சமையல்காரன்தான், எங்கேயாவது பார்த்தால் கும்பிட்டுக்கொள் என்று நான் கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. “அவனாங்க? எங்க பங்கு ரொட்டியில பாதியத் தினமும் திருடித் தின்னதே அந்த ஆளுதாங்கம்மா.”

இத்தனைக்கும் அந்த வேலைக்கு விளம்பரத்தில் அவர்கள் கேட்டிருந்த ஒரே தகுதி, தெளிவான கையெழுத்து.