சந்தனம் வைத்த சீட்

சமயநல்லூர் நல்லகாமனுக்கு இரண்டே இரண்டு பெருமை. ஒன்று, பதினாறு வருசம் அடுத்தவன் வண்டியை ஓட்டியவன் போன தையில் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கிவிட்டான். இன்னொன்று, தங்கச்சி மகன் சித்தார்த்துக்கு அவன் ஒரே தாய்மாமன். இந்த இரண்டைப் பற்றியும் வாயைத் திறந்தான் என்றால் கேட்கிறவன் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.

சித்தார்த்துக்குப் பதிமூன்று மாதம். மேலூர்ப் பக்கம் குலசாமி கோயிலில் காதுகுத்து என்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். பிள்ளை தன் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்று நல்லகாமனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தங்கச்சி தமிழ்வாணி ஆஸ்பத்திரி நர்ஸ். அடிபட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு நொந்தவள்.

“பின் சீட்டுல குழந்தை சீட் மாட்டுண்ணே. இல்லன்னா எம்புள்ள உன் வண்டியில ஏற மாட்டான்.”

“ஏன், எம்மடி என்னாச்சு? தாய்மாமன் மடியவிடப் பத்திரமான எடம் இருக்கா?”

“மடி காது குத்துறதுக்கு. காருக்குச் சீட்டுதான்.”

தங்கச்சி சொன்னால் சொன்னதுதான். முணுமுணுத்துக்கொண்டே மதுரைக்குப் போய் வாங்கி வந்தான். பிள்ளை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்றதும் தலையில் அடித்துக்கொண்டான். “அப்புறம் ரோட்ட எப்புடிப் பாப்பான்?” என்றான். “ரோட்ட நீ பாரு” என்றாள் அவள்.

ஒன்று சொல்ல வேண்டும். நல்லகாமன் வீம்பு பிடித்தவன்தான், ஆனால் ஏனோதானோ என்று வேலை பார்ப்பவன் இல்லை. பெல்ட் இழுத்துப் பிடித்த இடத்தில் சீட்டை ஆட்டிப் பார்த்தான். அது ஆடியது. அவிழ்த்தான், முழங்காலால் அழுத்திக்கொண்டு மறுபடி இறுக்கினான். ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டி அசையாமல் மாட்டினான். பட்டைக்கும் பிள்ளை தோளுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும், பட்டையைப் பூட்டுகிற பக்கிளில் ‘டிக்’ என்று சத்தம் கேட்க வேண்டும், எல்லாம் கற்றுக்கொண்டான்.

காதுகுத்து வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். பொங்கல் வைக்கத் தமிழ்வாணியும் அவள் புருசனும் விடியும் முன்னே கிளம்பிவிட்டார்கள். தூங்குகிற பிள்ளையை அண்ணன் பொறுப்பில் விட்டவள், “நீ மாட்டுனா நான் பாக்க வேண்டியதில்லண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பது மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தான். சீட் சும்மா ஜொலித்தது! அவன் பெண்டாட்டி முத்துமீனா, புதுச் சாமானாயிற்றே என்று, அதிகாலையிலேயே குளித்து, சீட்டுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரமும் சுற்றியிருந்தாள். பீரோவுக்கு வைப்பாள், மிக்ஸிக்கு வைப்பாள், இதற்கு வைக்காமல் விடுவாளா? பக்கிளின் சிவப்புப் பொத்தான்தான் அவள் கண்ணுக்கு நெற்றிமாதிரி தெரிந்திருக்கிறது. அங்கே தாராளமாகவே அப்பியிருந்தாள்.

பிள்ளையை உட்கார்த்திப் பட்டையைச் செருகினான். உள்ளே போனது. சத்தம் வரவில்லை. இழுத்தான், கையோடு வந்துவிட்டது. மூன்று தடவை செருகினான், மூன்று தடவையும் அதே கதைதான். சந்தனம் பக்கிள் துவாரத்துக்குள் இறங்கி இறுகியிருந்தது.

“நான் பக்கத்துலதான உக்காருறேன். புடிச்சுக்கிறேன், கெளம்புங்க” என்றாள் முத்துமீனா. குரலில் அழுகை முட்டியது.

யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு மணி நேர ஓட்டம். பூச்சரத்தை மேலே போட்டால் பார்ப்பவர்களுக்கு மாட்டின மாதிரியே இருக்கும். நல்லகாமன் சாவியை எடுத்துவிட்டான். ஆனால் தங்கச்சி சொல்லிவிட்டுப் போன அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவளே எதிரில் நின்றிருந்தால் இம்புட்டு வலித்திருக்காது.

“ஃப்ளாஸ்க எடு மீனா.”

பிள்ளைக்குப் பால் கரைக்க வைத்திருந்த வெந்நீரை விளாவி வெதுவெதுப்பாக்கிப் பக்கிளில் ஊற்றினான். மஞ்சளும் சிவப்புமாக வழிந்தது. பொத்தானை அமுக்கி அமுக்கி விட்டான். போன் வந்தது. தமிழ்வாணி புருசனின் அண்ணன் தவசி.

“மாப்ள, எங்கிட்டு வார?”

பாதி வழியில் நின்றாலும் ‘பக்கத்துல வந்துட்டேன்’ என்று சொல்லிப் பழகிய டிரைவர் வாய் அது. அன்றைக்கு உண்மையைச் சொன்னது. “வீட்டு வாசல்லதான் மச்சான் நிக்கிறேன்.”

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ‘டிக்’ கேட்டது. முத்துமீனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோயிலில் போய் இறங்கியபோது பத்து ஐம்பது. நேரம் போய்விட்டது, இனிப் பன்னிரண்டுக்கு மேல்தான். சொந்தபந்தம் அம்புட்டும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

“நல்லா இருக்கு மாப்ள! தாய்மாமன் மடி இருக்கையில பிளாஸ்டிக் சீட்டுக்குப் பூசை போட்டு ராகுகாலத்துல வந்து நிக்கிறியே” என்றார் தவசி. எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்வாணி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பன்னிரண்டு அடித்தது. நல்லகாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் இருத்தி இரண்டு கைகளாலும் வளைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார். சித்தார்த் வீறிட்டு வில்லாக வளைந்தான் பாருங்கள்! லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றிப் போடுகிற கை, பத்துக் கிலோ பிள்ளையை நழுவவிட்டது. தவசி பாய்ந்து வந்து கால்களைப் பிடித்தார், தமிழ்வாணி தலையைப் பிடித்தாள். மூன்று பேராகப் பிடித்துத்தான் இரண்டு காதும் குத்தி முடிந்தது.

நல்லகாமன் உட்கார்ந்தபடியே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னா மாப்ள?” என்றார் தவசி.

“உக்காந்த எடத்துல, ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கேன் மச்சான். புள்ள நிக்கலையே. எம்பதுல போறப்ப பிரேக் போட்டா, இந்த மடி என்னத்துக்கு ஆகும்?”

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது தவசியே முன்னால் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். நல்லகாமன் பிள்ளையை உட்கார்த்திப் பட்டையைச் செருகினான்.

“மாப்ள, எனக்குக் கேக்கல” என்றார் தவசி. “இன்னொரு வாட்டி மாட்டு.”