பாதி நனையாத டவர்

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரின் பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். மருந்து தயாரிக்கிறவர்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த அசிடோன், தண்ணீரும் அழுக்குமாகப் பீப்பாய்களில் எங்களிடம் வரும். அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கித் திருப்பி அனுப்புவோம். நான் வேலூர்க்காரன். பிரேசர் டவுனில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது ஸ்வெட்டரையும் மீறிக் குளிரும். அன்றைய பெங்களூரு அப்படி இருந்தது.

காய்ச்சி வடிக்கும் டவர் என் பொறுப்பு. இரண்டு மாடி உயரம், உள்ளே முழுக்கச் சின்னச் சின்னப் பீங்கான் வளையங்கள். கீழிருந்து ஆவி ஏறும். உச்சியில் குளிர்ந்து திரவமானதில் ஒரு பங்கைத் திரும்பவும் டவருக்குள்ளேயே விடுவோம். அது வளையங்களை நனைத்தபடி மெல்லிய படலமாக இறங்கும். வழியில் ஆவியிலிருந்த தண்ணீர் படலத்துக்குள் போகும், படலத்திலிருந்த அசிடோன் ஆவியோடு சேர்ந்துகொள்ளும். சுத்தமாவது இந்தக் கைமாற்றத்தால்தான்.

லேப், பெங்களூரிலேயே தொம்மலூரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பொறுப்பு. என் வயதுதான். பேச்சில் கன்னடம் தானாக வந்து கலக்கும்.

தண்ணீர் கலந்திருந்தால் அசிடோன் கனக்கும். ஒரு டிசம்பர் காலை என் சாம்பிளில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அதன் அடர்த்தியை அளந்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி இருக்கு. இதை அனுப்ப முடியாது."

ஆவி போதவில்லை என்று நினைத்து ஸ்டீம் வால்வை இன்னும் திறந்தேன். அடுத்த சாம்பிள் முன்னதைவிட மோசம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தக் குளிர்ல எது அளந்தாலும் கனமாத்தான் காட்டும். உங்க ஹைட்ரோமீட்டரை நம்பி நான் டவரை நிறுத்த முடியுமா?"

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "ஸ்வல்ப இருங்க, கொஞ்சம் பொறுங்க" என்றாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் சாம்பிள் குடுவையை வைத்து, தெர்மாமீட்டரில் சரியான சூடு வரும்வரை காத்திருந்து, என் கண்முன்னாலேயே மறுபடி அளந்தாள். அடர்த்தி கொஞ்சம் இறங்கியது. ஆனால் தண்ணீர் இருந்தது இருந்ததுதான்.

வேறு வழியில்லாமல் டவரை நிறுத்தினோம். அதைக் கழுவி, ஆவியெல்லாம் போகும்படி காற்றாட விட்டு, மேல் மூடியைத் திறக்க இரண்டு நாளானது. அவளும் ஏணியேறி வந்தாள். வளையங்களுக்கு மேலே, இறங்கும் திரவத்தைப் பரப்பிவிட, சல்லடை மாதிரி ஒரு தட்டு இருந்தது. ஒரு மக் தண்ணீரை எடுத்து அதன் நடுவில் ஊற்றினாள். தண்ணீர் முழுவதும் ஒரே பக்கமாக இறங்கியது. மறுபக்கத் துளைகளைத் துரு அடைத்திருந்தது.

"பாதி வளையம் நனையவே இல்ல. ஆவி அந்தப் பக்கமா சும்னே, எதையும் தொடாம மேல போயிடுச்சு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கல்லூரிப் பரீட்சையில் டிஃப்யூஷன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆவியும் திரவமும் தொடுகிற இடத்தில் மூலக்கூறுகள் தாமாகத்தான் மெதுவாக ஊர்ந்து கடக்க வேண்டும், தள்ளிவிட எந்தப் பம்ப்பும் கிடையாது. அதற்கு நனைந்த பரப்பும் வேண்டும், நேரமும் வேண்டும். பரப்பில் பாதி ஏற்கனவே போயிருந்தது. ஸ்டீமைக் கூட்டி, ஆவியை விரட்டி, இருந்த கொஞ்ச நேரத்தையும் பறித்தது நான்தான்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்கிட்ட எதுக்கு? திட்டு வாங்கினது ஹைட்ரோமீட்டர், அதுகிட்ட கேளுங்க."

இருவரும் சிரித்துவிட்டோம். அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கம்பியால் துளை துளையாகக் குத்தித் துருவை எடுத்தோம். அவள் கொண்டுவந்த பிசிபேளே பாத்தை ஆறிப்போன பிறகு பங்கு போட்டுச் சாப்பிட்டோம். தட்டைப் பொருத்தி, ஸ்டீமைக் குறைவாக வைத்து ஓட்டியதும் சாம்பிள் தேறியது. அனுப்பலாம் என்று அவள் கையெழுத்துப் போட்டுத் தந்த தாளை வாங்கியபோது வந்த சந்தோஷம், பிறகு பெரிய ஆலைகளில் வேலை பார்த்தபோதுகூட எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வருடம் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர், நான் எது சொன்னாலும் தலையாட்டுவார். அதனால் சந்தேகம் வந்த நாட்களில் நானே லேப்புக்குப் போய், வெந்நீர் வைத்து, இரண்டாம் முறை அளந்து பார்த்துக்கொண்டேன்.