வெறுங்கால் பக்தி

பங்குனி பிறந்தால் போதும், எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் 'வசந்த காலத்தில் நலமாக இருக்க எளிய வழிகள்' என்று ஒன்றை அனுப்பிவிடுவார். மஞ்சள் பூக்கள், ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், 'குளிர் விலகிவிட்டது, வெளியே சென்று வெயிலில் நடங்கள்' என்று முதல் அறிவுரை. வெண்ணாற்றங்கரையில் உட்கார்ந்து இதைப் படிக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேட்டூர் அணையை மூடி, ஆற்றில் வெறும் மணல் மட்டும் மிஞ்சி, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் தார் ரோடு இளகுகிற ஊரில் வெயிலில் நடக்க வேண்டுமாம். பங்குனி மாதம் பகல்வழி நடந்தவன் பெரும்பாவி என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

எங்கள் வீட்டு வசந்த காலம் வேறு. மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் கிடக்கும். மொட்டை மாடியில் பழைய புடவை விரித்து வேப்பம்பூ காயும். மதியச் சோற்றுக்கு மோர் கட்டாயம். அம்மை போட்ட வீட்டுப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். இதெல்லாம் வருஷா வருஷம் ஒழுங்காக நடக்கும். நடக்காத வழக்கம் ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில் என் கணவரின் உள்ளங்காலைப் பார்ப்பது.

அவருக்குச் சர்க்கரை வந்து வெகு காலமாகிறது. விவசாயி, நல்ல உழைப்பாளி, என் பேச்சைத் தவிர எல்லார் பேச்சையும் கேட்பவர். தினம் காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்தென்ற செருப்பை நான்தான் வாங்கிவந்தேன். அது வாசலில் புதுசு கலையாமல் கிடந்தது. காலைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியைக் கொல்லைப் படியில் மாட்டி வைத்தேன். அவர் அதில் மீசையைப் பார்த்துக்கொண்டார்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க, பார்த்துட்டு விட்டுடறேன்" என்று கெஞ்சுவேன்.

"நான் என்ன மாடா? லாடம் அடிக்கிறவன் மாதிரி தூக்கு தூக்குங்கிற!"

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகள் நான் நகத்தைக் காட்டச் சொன்னால் ஒரே நேரத்தில் கையை நீட்டும். வீட்டில் ஒரே ஒரு கால், அது எனக்கு மசியவில்லை.

அதைவிட எரிச்சல், நாற்பது நாள் தவக்காலம் வந்தால் இதே மனிதர் அடையாளம் தெரியாமல் மாறிப்போவார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தால், அன்றிலிருந்து கறி கிடையாது, டீக்குச் சர்க்கரை கிடையாது, வெற்றிலையும் புகையிலையும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. விடியற்காலைப் பூசைக்குக் கோயிலுக்கு நடை. வருஷம் முழுவதும் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதை எல்லாம், யாரும் கேட்காமலே செய்வார். ரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரை இறங்கியிருக்கும். டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். ஈஸ்டர் அன்று பிரியாணி, மறுநாள் டீயில் மூன்று ஸ்பூன். ஈஸ்டருக்கு ஆண்டவர் மட்டுமா உயிர்த்தெழுகிறார்? எங்கள் வீட்டில் சர்க்கரையும் எழுந்துவிடும்.

"ஆண்டவருக்காக விட முடியுது, எனக்காக விட முடியலையா?" என்று ஒருமுறை நேராகவே கேட்டேன்.

"ஆண்டவரும் நீயும் ஒண்ணா?" என்றார். அவர் அளவில் அது நியாயமான கேள்விதான்.

போன வருஷம் தவக்காலம் தொடங்கும் முன் டாக்டரிடம் போயிருந்தோம். அவர் என் கணவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் நரம்பு போன்ற ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். வலது காலில் இவர் சில இடங்களில், முக்கியமாகக் கட்டைவிரலுக்குக் கீழே, "ம்" என்றார். பிறகு இடது கால். குதிகால், நடுப்பாதம், விரல்களுக்குக் கீழே என்று டாக்டர் தொட்டுக்கொண்டே வந்தார். இவரிடமிருந்து சத்தமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "எப்ப தொடுவீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இடது கால்ல உணர்வு போயிடுச்சும்மா. வலது கால்ல இன்னும் கொஞ்சம் இருக்கு. அதையாவது காப்பாத்திக்குங்க" என்றார். வெளியே வந்ததும் இவர் சொன்னது: "வலிக்கலைன்னா நல்லதுதானே?"

இது தெரிந்த பிறகுதான் அந்த நடைப்பயணம். எங்கள் கோயில் பங்கில் தவக்காலத்தின் கடைசி வாரங்களில் ஒரு சனிக்கிழமை, மரச் சிலுவையைச் சுமந்துகொண்டு ஆற்றங்கரை ரோடு வழியாகப் பக்கத்துப் பங்குக் கோயில்வரை போவது வழக்கம். செருப்புப் போடக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் ஆண்கள் போடுவதில்லை. நான் அந்த மெத்தென்ற செருப்பை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

கிளம்பும்போது சூடு தெரியவில்லை. பாதி வழியில் வெயில் ஏறிவிட்டது. இளவட்டங்கள் எல்லாம் ரோட்டை விட்டு ஓரத்துப் புல்லைத் தேடித் தத்தித் தத்திப் போனார்கள். என் கணவர் மட்டும் சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு நட்ட நடு ரோட்டில், தாரின் மேல், வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்தார்.

"செருப்பைப் போட்டுக்குங்க. உங்க கால்ல விழறேன்" என்றேன்.

"சிலுவையைச் சுமந்துக்கிட்டு செருப்பா? போம்மா அந்தாண்ட."

என் பக்கத்தில் நடந்த, பாடற்குழுவில் இருக்கிற அம்மாள் கண் கலங்கிச் சொன்னார்: "முகத்துல ஒரு சுளிப்பு உண்டா பாருங்க டீச்சர். எங்களால ஒரு நிமிஷம் நிக்க முடியல. இதுல்ல பக்தி!"

எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அது பக்தி இல்லை, நரம்பு செத்துப்போச்சு என்று அந்த ரோட்டில் நின்று கத்தியிருந்தால், பொறாமை பிடித்த பெண்டாட்டி என்பார்கள். நான் துணிப்பையை இடுக்கிக்கொண்டு செபமாலை சொன்னேன். வாய் மாதாவைக் கூப்பிட்டது, மனசு அவரைத் திட்டிக்கொண்டே வந்தது. பக்திமான் என்ற பெயர் பரவியதில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கான பன்னிரண்டு பேரில் இவரையும் சேர்த்துவிட்டார்கள்.

நடைப்பயணம் முடிந்து வந்த மறுநாளே காலைக் காட்டச் சொன்னேன். "ஒண்ணும் இல்ல" என்றார். அடுத்த நாளும் அதே பதில். கொல்லையில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்த கிண்ணம் ஒன்று இருந்தது. உளுந்துச் செடியில் கை கீறிவிட்டது என்றார். உளுந்து பிடுங்குகிற நேரம் அது, நம்பிவிட்டேன். களத்துக்கும் வயலுக்கும் வெறுங்காலோடுதான் போய்வந்தார். வயலில் செருப்போடு இறங்குவதைப் போன்ற பாவம் அவருக்கு வேறு கிடையாது.

பெரிய வியாழன் சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என் கணவர் சலவை வேட்டியில் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். எங்கள் பங்கில் வலது பாதத்தை மட்டும் கழுவுவார்கள். பாடற்குழு பாட, பங்குச் சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றி, துடைத்து, உதடு பதித்து முத்தி செய்துகொண்டு வந்தார். இவர் முறை வந்தது. வலது காலை நீட்டினார். லாடம் என்று சொல்லி எனக்குக் காட்ட மறுத்த கால், சாமியார் கையில் பூப்போல இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் மற்றக் காலைப் பார்த்தேன். இடது காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அது இருந்த இடத்தில் வெள்ளைத் துணி மஞ்சளும் சிவப்புமாக நனைந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. சாந்தமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பீடத்துப் படியருகில் நின்றிருந்தேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. "இடது காலைத் தூக்குங்க."

பாட்டு நின்றது. இவர் கண்ணைத் திறந்து, "இங்கயா?" என்பதுபோல் பார்த்தார்.

"தூக்குங்கன்னு சொல்றேன்ல!"

ஊரே பார்க்க அவர் காலைத் தூக்கினார். சுண்டுவிரலுக்குக் கீழே, பாதி எலுமிச்சை அகலத்துக்குத் தோல் கழன்று, உள்ளே சதை தெரிந்தது. காலையில் களத்தில் மிதித்த உளுந்து நெற்றின் துணுக்கு ஒன்று அதில் குத்திக்கொண்டு நின்றது. மண்டியிட்டிருந்த சாமியார் கையிலிருந்த துண்டை அப்படியே அந்தக் காலில் சுற்றி, "யாராவது வண்டியை எடுங்கப்பா" என்றார்.

ஈஸ்டர் எங்களுக்கு ஆஸ்பத்திரி வார்டில் கழிந்தது. காலுக்கு வந்தது சுண்டுவிரலோடு போனது. டாக்டர் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்றார். பார்க்க வந்தவர்களோ, நேர்ச்சைக்காக விரலையே கொடுத்தவர் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் ஃபிளாஸ்க்கில் சர்க்கரை இல்லாத டீயை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குச் சாமியார் வந்தபோது வார்டுக்கு வெளியே அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஃபாதர், நான் சொல்லி அலுத்துட்டேன். அவருக்கு நான் ஒரு ஆளே இல்ல. நீங்க சொன்னா கேப்பாரு" என்றேன். அவர் உள்ளே போனார். இவர் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றதால் என்னை வெளியிலேயே இருக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து காயம் ஆறிய பிறகு ஒருநாள் காலை, நான் கூப்பிடாமலே கொல்லைப் படியில் வந்து உட்கார்ந்தார். காலை என் பக்கம் நீட்டினார்.

"பாரு."

"என்ன திடீர்னு?"

"ஃபாதர் அபராதம் குடுத்திருக்காரு. தெனம் உங்கிட்ட காலைக் காட்டணுமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"அத அவர் சொல்லல. நானும் கேக்கல."

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் அபராதம், இவருக்கு நான். என் கையில் கால் கொடுப்பது இவருக்கு அபராதம்! அன்று அந்தக் காலைப் பார்த்ததைவிட அவரை முறைத்ததுதான் அதிகம்.

இருந்தாலும் விடவில்லை. அன்றிலிருந்து தினமும் பார்க்கிறேன். கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெடிப்புக்கு எண்ணெய் தடவி அனுப்புகிறேன். ரோட்டில் இப்போது செருப்புப் போடுகிறார். வரப்பு வந்ததும் கழற்றிவிடுகிறார், அதற்குத் தனிச் சண்டை. ஈஸ்டர் தாண்டியதும் டீயில் சர்க்கரை ஏறியது, அதற்கு இன்னொரு சண்டை. ஒவ்வொரு சண்டையிலும் நான் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: "இடது கால் போனது போகட்டும். வலது காலையாவது காப்பாத்துங்க."

இதோ, மறுபடியும் பங்குனி. மாடியில் வேப்பம்பூ காய்கிறது. வாட்ஸ்அப்பில் அதே வெள்ளைக்காரக் குடும்பம் வந்துவிட்டது. இந்த வாரம் ஒருநாள் விடிந்ததும், கொல்லைப் படியில் அவர் வலது காலை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். புது விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன்.

"கண்ணை மூடிக்குங்க. தொடுறப்ப சொல்லணும்."

சிரித்தபடி மூடிக்கொண்டார். நான் குதிகாலில் தொட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுப்பாதத்தில் தொட்டேன், கொஞ்சம் அழுத்தியே தொட்டேன். சத்தம் இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே டாக்டரிடம் "ம்" என்று சொன்ன அதே இடம் இருந்தது. அங்கே தொடக் கை வரவில்லை. குச்சியை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் மூச்சு விடுகிற விதத்தில் அவருக்கு என்னமோ புரிந்திருக்க வேண்டும்.

"தெரியுது" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இப்ப நல்லா தெரியுதும்மா. கட்டைவெரலுக்குக் கீழதானே?"

குச்சி என் கையில் இருந்தது. நான் அங்கே தொடவே இல்லை.