தானாகத் திரும்பும் டெக்

எங்கள் மாமா பொய் சொல்பவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நடக்க வேண்டியதை நடந்துவிட்டதாகவே சொல்லிவிடுவார், அவ்வளவுதான். அம்மாவின் அண்ணன். துபாயில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கேசட் டெக்கோடு அவர் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது.

டெக் என்றால் அந்நாளில் வாடகைக்கு எடுத்துப் படம் போடுகிற வீடியோ டெக்தான். செய்தி பரவியதும் தெருவில் பாதிப் பேர் பாயோடு வந்துவிட்டார்கள். மாமா அசரவில்லை. வெள்ளி நிற முகப்பு, சத்தத்துக்குத் தகுந்தபடி துள்ளும் இரண்டு முள், பாட்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் மூன்று இலக்க எண், அவசரமே இல்லாமல் திறக்கும் கதவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பக்கம் முடிந்தால் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட வேண்டாம், டெக்கே மறுபக்கத்துக்குத் திரும்பிக்கொள்ளும் என்றபோது எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. பிறகு கேசட்டைப் போட்டார். முள் இரண்டும் ஆடின. சத்தம் மட்டும் வரவில்லை.

மாமா டெக்கின் தலையில் தட்டிப் பார்த்தார். சித்திதான் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “ண்ணா, இதுக்குள்ள ஸ்பீக்கரே கிடையாது. ஆம்ப்ளிபயரு தனியா வாங்கணும்” என்றாள்.

சித்தி அம்மாவின் தங்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சுவிட்சுகளுக்கு ஒயர் பற்றவைக்கிற வேலை. கடல் தாண்டி வந்த பொருளை, எஸ்டேட் பஸ்ஸில் போய்வருகிறவள் ஊமை என்று கண்டுபிடித்ததை மாமா மன்னிக்கவே இல்லை.

அந்த ஊமைக்கும் ஒரு வேலை வந்தது. சித்திக்குக் கொரட்டூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் பாட வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று தரகர் மூலம் இரண்டே நிபந்தனை. தாத்தா போன பிறகு வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். சித்தியைக் கேட்காமலே இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டார். வேலையை விட மாட்டேன் என்று சித்தி அழுது பார்த்தாள், இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். மாமா கேட்டால்தானே. பாட்டு விஷயத்தில்தான் அவருக்குக் கொஞ்சம் கவலை. சித்தி பாடினால் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்.

நன்றாக வரும்வரை பாடவைத்து டெக்கில் பதிவு செய்துவிடுவது, பெண் பார்க்க வருகிற அன்று தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிக் கேசட்டைப் போட்டுவிடுவது. இதுதான் மாமாவின் யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சித்தி டெக்கில் செருகிய மைக்கின் முன்னால் ஒரே பக்திப் பாட்டைப் பாடினாள். கேசட்டின் ஒரு பக்கம் தீரப்போகிற நேரத்தில் ஒரு தடவை சுமாராக வந்தது. அந்தப் பாட்டு தொடங்கிய எண்ணை மாமா உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. மைக் செட் கடையிலிருந்து ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வந்தன. மாமா இருமினால் நான் பட்டனை அழுத்த வேண்டும். வந்தவர்கள் உட்கார்ந்த பிறகு, காபித் தட்டோடு என்னைத் தாண்டிப் போன சித்தி குனிந்தாள்.

“கண்ணு, ஓரத்துல ஒரு சுவிட்சு கீது பாரு. அத்த ரெண்டு அம்பு போட்ட எடத்துக்குத் தள்ளு.”

தள்ளினேன். மாமா இருமினார். அழுத்தினேன். பாட்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடித் தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் மாமா எல்லோரையும் பெருமையாக ஒரு சுற்றுப் பார்த்தார். அப்போது டெக்குக்குள் டக்கென்று ஒரு சத்தம். ஒரு பக்கத்தோடு நிற்கும்படி மாமா வைத்திருந்த சுவிட்சை நான் தள்ளிவிட்டதால், டெக் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. பதிவு செய்த அன்றும் அது இப்படித்தான் தானே மறுபக்கம் திரும்பி, யாரும் நிறுத்தாததால், பிறகு பேசியதையெல்லாம் பதிந்து வைத்திருந்தது.

“இது போதும்,” என்றது மாமாவின் குரல், இரண்டு பெட்டியிலும். “மாப்ள அம்மாவுக்குக் காது மந்தமாம். நீ கழுதையாட்டம் கத்துனாக்கூட தலையாட்டிகினுதான் இருக்கும்.”

“நான் வேலைய உட மாட்டேண்ணா.”

“அத்த அப்பால பாத்துக்கலாம். அந்தாளு மண்டைல முடியும் இல்ல, மூளையும் இல்ல. நீ சொல்றதத்தான் கேக்கப்போறான்.”

அன்றைக்கு அந்த அம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்டது. மாப்பிள்ளையின் கை தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. மாமா இருமினார். இருமிக்கொண்டே இருந்தார். இருமினால் அழுத்த வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியும். ஏற்கெனவே அழுத்திய பட்டனையே மறுபடி மறுபடி அழுத்தினேன்.

பஜ்ஜியைத் தொடாமலே எழுந்து போனார்கள். மாமா என் காதைப் பிடித்துத் திருகி, சுவிட்சைத் தொட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். உண்மையும் அதுதானே. முதுகில் இரண்டு விழுந்தது.

சித்தி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வந்தவர்களுக்காகக் கிண்டிய கேசரியிலிருந்து முந்திரியாகப் பொறுக்கிப் பொறுக்கி என் தட்டில் வைத்தாள். வைக்கும்போதே புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. என் முதுகு வலியையும் மறந்து, தலைப்பை விலக்கி ஒரு முந்திரியை அவள் வாயில் ஊட்டி, “அழாத சித்தி, வேற மாப்ள வரும்” என்றேன்.